மாடியில் சூரிய மின்சாரம், கீழ்வீட்டில் யாருக்கு வெளிச்சம்?



பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைக் கடந்து மேற்கே போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று ஊர்ப் பெயர்களில் சாவடிகள் வரிசையாக வரும். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் பொது இடம். வெயிலுக்கு ஒதுங்குகிறவர் அங்கே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்தக் கூரை எல்லாருக்கும் உரியது. இன்று பெயர் மட்டும் இருக்கிறது. கல்லூரிகளும் மருத்துவமனைகளும் அடுக்குமாடி வீடுகளும் பெருகிவிட்ட இந்தப் பகுதியில் கூரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு கூரைக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு.

அண்மையில் வேலப்பன்சாவடிப் பகுதியில் ஒரு குடும்பத்தார் வீடு மந்திரிக்க நம்மை அழைத்திருந்தார்கள். வீடு பழைய வீடுதான். மொட்டைமாடியில் புதிதாகச் சோலார் பேனல் வைத்திருந்தார்கள். அதை மந்திரிக்க வேண்டும் என்பது வீட்டு அம்மாவின் ஆசை. "தீர்த்தம் தெளிச்சா ஷாக் அடிக்காதே, ஃபாதர்?" என்று அந்த வீட்டுச் சிறுவன் கேட்க, எல்லாரும் சிரித்தோம். மழையில் நனையவே செய்யப்பட்ட பொருள், தீர்த்தத்துக்கா பயப்படும்? மகிழ்ச்சியாகச் செபித்து, தெளித்து, காபி குடித்துவிட்டுப் படியிறங்கினோம்.

கீழ்வீட்டில் மூன்று குடித்தனங்கள். குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சகோதரி தோத்திரம் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மேல சூரிய கரண்ட் வந்துடுச்சு. எங்களுக்கும் கரண்ட் காசு குறையுமா, ஃபாதர்?" வீட்டுக்காரர் நமக்குப் பின்னால்தான் நின்றார். அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. "செபிப்போம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அந்தப் பதில் நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. செபிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சகோதரி கேட்டது செபத்தால் மட்டும் தீரும் கேள்வி அல்ல, கணக்கும் மனச்சாட்சியும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அந்தப் பதிலைத் தேடும் முயற்சியே இந்தச் சிந்தனை.

கூரைகளைத் தேடி வந்த திட்டம்

2024 பிப்ரவரி 13 அன்று மத்திய அரசு 'பிரதமரின் சூர்ய கர்' திட்டத்தைத் தொடங்கியது. 75,021 கோடி ரூபாய் செலவில், 2026-27 நிதியாண்டுக்குள் ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்சாரம் என்பது இலக்கு. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம். 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு பெரிதாக வைத்தாலும் மானியம் 78,000 ரூபாய்தான். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்குப் பொது விளக்கு, லிப்ட், தண்ணீர் மோட்டார் போன்றவற்றுக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். மானியம் வேண்டுமானால் இந்தியாவில் தயாரான பேனலாக இருக்க வேண்டும், பதிவு பெற்ற நிறுவனம் பொருத்த வேண்டும். பேனல் இயங்கத் தொடங்கிய பிறகே பணம் வங்கிக் கணக்கில் வரும்.

தமிழகத்துக்கு இது முற்றிலும் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றிலும் சூரிய விளக்குகள் அமைக்கப்பட்டன. 2012-இல் மாநிலம் தனிச் சூரியசக்திக் கொள்கையை அறிவித்தது. அது நாம் யாரும் மறக்க முடியாத மின்வெட்டுக் காலம். திருப்பலி நடுவே மின்சாரம் போய், மெழுகுதிரி வெளிச்சத்தில் நற்செய்தி வாசித்த மாலைகள் பலருக்கும் நினைவிருக்கும். 2016-இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. ஆனால் நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் மொட்டைமாடியை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியது பெரும்பாலும் 2024-க்குப் பிறகுதான்.

திருச்சபையும் தன் கூரையில்

திருச்சபை இதில் பார்வையாளராக மட்டும் நிற்கவில்லை. திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் காலத்தில், 2008-இல், வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் சுமார் 2,400 சூரியத் தகடுகள் பதிக்கப்பட்டன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலைத் தந்தார். பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் தனித்தனியாகக் கேட்க முடியாது என்பது அதன் உயிர்நாடி. 2024 ஜூனில், 'சகோதரன் சூரியன்' என்ற பெயரில் அவர் வெளியிட்ட ஆணை, உரோமைக்கு வெளியே சாந்தா மரியா தி கலேரியா என்னும் இடத்தில் வத்திக்கானுக்கான சூரிய மின் நிலையத்தை அமைக்கப் பணித்தது. மேலே தகடு, கீழே பயிர் என்பது அதன் திட்டம். அவர் 2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப் பின் வந்த திருத்தந்தை 14-ஆம் லியோ அதே ஆண்டு ஜூனில் அந்த இடத்தை நேரில் சென்று பார்த்தார். 'சகோதரன் சூரியன்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 800 ஆண்டுகளுக்கு முன் கண்பார்வை மங்கிய நிலையில் கதிரவனைச் சகோதரன் என்று அழைத்துப் பாடினார் அல்லவா!

சூரிய மின்சாரம் ஏன் நல்லது என்பதற்கு நாம் உரோமைக்குப் போக வேண்டியதும் இல்லை. நம் உயர்மறைமாவட்டத்தின் வடபகுதியில் எண்ணூர் இருக்கிறது. அங்குள்ள அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் கலந்து, மீனும் இறாலும் குறைந்துபோனதாக மீனவ மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வந்திருக்கிறார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குச் சென்றது. நாம் இங்கே ஏ.சி. போடும்போது அங்கே யாரோ ஒருவர் வலை வெறுமையாகிறது. ஆகவே, ஒரு வீடு சூரிய மின்சாரத்துக்கு மாறினால் அது நல்ல செயல். இதில் நமக்கு ஐயமில்லை.

உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் கேட்டார் (லூக் 14:28-30). அடித்தளம் போட்டுவிட்டுப் பாதியில் விட்டவரை ஊரே ஏளனம் செய்யும் என்றார். பேனல் விற்க வருகிறவர் சொல்வதை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடும் முன், நாமும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

சென்னை வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்குச் சுமார் 240 யூனிட். அதற்கு நிழல் விழாத இடம் ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். 'நிழல் விழாத' என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். பேனல்கள் ஒன்றோடொன்று கோத்த மணிமாலை போன்றவை. பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலோ, தண்ணீர் டேங்கின் நிழலோ ஒன்றிரண்டில் விழுந்தாலும் மொத்த உற்பத்தி அடிவாங்கும். நெடுஞ்சாலைப் புழுதி படியும் நம் பகுதியில், மழை இல்லாத மாதங்களில் கழுவித் துடைக்க ஆள் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் எத்தனை கூரைகளைப் பிய்த்தது என்று நமக்குத் தெரியும். ஆகவே, தாங்கும் இரும்புச் சட்டத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், ஒருவர் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று மோசே வழியாக ஆண்டவர் கட்டளையிட்டார் (இச 22:8). நம் மாடியில் இருக்கும் பொருள் பிறர் தலையில் விழாமல் காப்பதும் அந்தக் கட்டளைக்குள் அடங்கும்.

இன்னொரு தவறான எண்ணம்: "சோலார் வைத்தால் கரண்ட் போனாலும் நம் வீட்டில் விளக்கு எரியும்." பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைக்கப்படும் பேனல், வாரியத்தின் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். காரணம் என்ன? பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறும் லைன்மேன், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுவார். அந்த நேரம் நம் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். முகம் தெரியாத ஒரு தொழிலாளிக்காக நம் வீட்டு இயந்திரம் தானாக ஒதுங்கி நிற்கிறது. இந்த நல்ல பழக்கத்தை அந்த இயந்திரத்திடமிருந்து நாமும் கற்றுக்கொள்ளலாம்.

இனி பணக் கணக்கு. 2022 செப்டம்பரில் தமிழகத்தில் வந்த கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அதன்பின் விலை சற்று ஏறியிருக்கிறது என்றாலும் கணக்கின் போக்கு அதுதான். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இது 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் கிடைத்து வரும் சலுகை. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை போய்விடும். 101-லிருந்தே 4.50 ஆகும். பிறகு 600 வரை 8, 800 வரை 9, 1,000 வரை 10 என்று படிப்படியாக ஏறும்.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் குடும்பம் கட்டுவது 675 ரூபாய், ஆண்டுக்கு 4,050 ரூபாய். இந்தக் குடும்பம் கடன் வாங்கி 3 கிலோவாட் வைத்தால், போட்ட பணம் திரும்ப மிக நீண்ட காலம் ஆகும். 800 யூனிட் செலவழிக்கும் குடும்பம் கட்டுவது 4,550 ரூபாய், ஆண்டுக்கு 27,300 ரூபாய். இவர்களுக்கு 3 கிலோவாட் ஏறக்குறைய முழு பில்லையும் விழுங்கிவிடும். சில ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும். ஆக, அதிகம் செலவழிப்பவருக்கே அதிக ஆதாயம். மானியமும் சொந்தக் கூரை உள்ளவருக்கே. திட்டத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. யார் இதற்கு வெளியே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே சொல்கிறோம்.

ஒரே மீட்டர், நான்கு அடுப்புகள்

அந்தக் கீழ்வீட்டுச் சகோதரிக்கு வருவோம். அவர்போல நம் பகுதியில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் பலவற்றில் தனி இ.பி. மீட்டர் கிடையாது. வீட்டுக்காரர் பெயரில் ஒரே இணைப்பு இருக்கும். குடித்தனங்களுக்குச் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். 9 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேலே வீட்டுக்காரர் 500 யூனிட், கீழே மூன்று குடும்பங்கள் ஆளுக்கு 150 யூனிட் என்றால் மொத்தம் 950.

ஒரு குடித்தனக்காரர் 150 யூனிட்டுக்குக் கொடுப்பது 1,350 ரூபாய். அவருக்குத் தனி மீட்டர் இருந்திருந்தால், இலவச 100 யூனிட் போக மீதி 50 யூனிட்டுக்கு 112 ரூபாய் 50 காசு கட்டியிருப்பார். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்! இரண்டு ஃபேன், ஒரு டி.வி., சில விளக்குகள் உள்ள வீடு மாடியில் ஏ.சி. ஓடும் வீட்டைவிட யூனிட்டுக்கு அதிக விலை கொடுக்கிறது.

உடனே வீட்டுக்காரரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லிவிட வேண்டாம். அவர் கணக்கையும் பார்ப்போம். மொத்தம் 950 யூனிட்டுக்கு வாரியத்துக்கு அவர் கட்டுவது 6,050 ரூபாய். தனியாக இருந்தால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்தான் கட்டியிருப்பார். ஆக, மூன்று குடித்தனங்களால் அவருக்குக் கூடும் செலவு 4,325 ரூபாய். அவர்களிடம் வாங்குவது 4,050. அவருக்கும் நட்டம்தான்! நான்கு அடுப்பு எரியும் வீட்டை ஒரே வீடாக மீட்டர் எண்ணுவதால் எல்லாரும் மேல்படிக்குத் தள்ளப்படுகிறார்கள். மூன்று குடும்பங்களுக்கு அரசு தந்த 300 இலவச யூனிட் யாருக்கும் கிடைக்காமல் போகிறது.

நான்கு இணைப்பும் தனித்தனியாக இருந்தால் எல்லாருமாகக் கட்டுவது 2,062 ரூபாய் 50 காசு. ஒரு பேனல்கூட வைக்காமல் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 4,000 ரூபாய் மிச்சம்!

இப்போது அதே மாடியில் 4 கிலோவாட் பேனல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 960 யூனிட் தரும். வாரியத்தின் நெட் மீட்டர், நாம் கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்துப் பார்க்கும். 6,050 ரூபாய் பில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆகிறது. ஆனால் கீழ்வீட்டுச் சப் மீட்டர் மட்டும் பழையபடியே 9 ரூபாய் என்று சுற்றிக்கொண்டிருந்தால்? இரண்டு மாதத்துக்கு 4,050, ஆண்டுக்கு 24,300 ரூபாய் வீட்டுக்காரர் கைக்கு வருகிறது. முன்பு அந்த 9 ரூபாய்க்கு ஒரு நியாயம் இருந்தது. வாரியத்துக்குக் கட்டுவதை வாங்குகிறேன் என்று சொல்லலாம். பேனல் வந்த அன்றே அந்த நியாயம் போய்விட்டது. விலை மட்டும் நின்றுவிட்டது. யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. மாற்றாமல் விட்டதே அநீதியாகிவிட்டது. நம் பாவ அறிக்கையில், செய்ததற்காக மட்டுமல்ல, செய்யத் தவறியதற்காகவும் மார்பில் அடித்துக்கொள்கிறோமே, அது இதற்கும் சேர்த்துத்தான்.

மீட்டர் என்னும் தராசு

நீட்டலிலும் நிறுத்தலிலும் முகத்தலிலும் அநீதி செய்யாதீர்கள், உங்கள் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கட்டும் என்று லேவியர் நூல் கற்பிக்கிறது (லேவி 19:35-36). மரக்காலைச் சிறிதாக்கி விலையைப் பெரிதாக்கியவர்களை ஆமோஸ் இறைவாக்கினர் சாடினார் (ஆமோ 8:5). அன்று மரக்கால், இன்று மீட்டர். கண்ணுக்குத் தெரியாத பொருளை அளப்பதால் இதில் நேர்மை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. குடித்தனக்காரர் கேட்கவும் தயங்குவார். கேட்டால் "வீட்டைக் காலி பண்ணுங்க" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

உலகப் பொருள்கள் அனைத்தும் எல்லா மனிதருக்காகவும் படைக்கப்பட்டவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டில் (எண் 69) போதித்தது. தனிச் சொத்தைத் திருச்சபை மறுக்கவில்லை. ஆனால் சொத்துக்கு ஒரு சமூகக் கடமை உண்டு என்கிறது. பேனலுக்குப் பணம் போட்டவருக்கு நியாயமான பலன் கிடைக்க வேண்டும். அதே நேரம் பேனலில் விழும் வெயில் அவர் வாங்கியது அல்ல. தந்தையாகிய கடவுள் நல்லோர் மேலும் தீயோர் மேலும் உதிக்கச் செய்யும் கதிரவன் அது (மத் 5:45). மானியமும் வாடகை வீட்டுச் சகோதரி கடையில் சோப்பு வாங்கும்போது கட்டும் வரியையும் சேர்த்துத்தான் வருகிறது.

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நம்மை விட்டுவிடலாமா? அன்று மாலை பங்கின் கணக்கேட்டைத் திறந்து பார்த்தோம். கோவில் வளாகத்தை ஒட்டிய சிறு வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்திடம் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கியிருக்கிறோம். யார் எப்போது வைத்த விலை என்று தெரியவில்லை. நமக்கு முன்பே இருந்தது. ஆனால் மாதாமாதம் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டது நாம்தான். ஒருமுறைகூட அந்த எண்ணை நின்று பார்த்ததில்லை. சக்கேயு கணக்கைத் திறந்தபோது நான்கு மடங்கு திருப்பித் தர முன்வந்தார் (லூக் 19:8). நாம் நிதிக்குழுவில் வைத்து, வாரியம் தனி மீட்டரில் வாங்கியிருக்கும் தொகையை மட்டும் இனி வாங்குவது என்றும், கூடுதலாக வாங்கியதை வாடகையில் கழிப்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம். சக்கேயுவின் அளவுக்கு வரவில்லை. தொடங்கியாவது இருக்கிறோம்.

கூரை இல்லாதவரும் பங்கு பெற முடியுமா?

முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை என்ற சிறு ஊராட்சி, 2006-இல் வங்கிக் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. தன் தேவை போக மீதி மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்திலேயே கடனை அடைத்தது. காற்று யாருக்கும் தனிச் சொத்தல்ல, அதன் வருமானமும் ஊருக்கே என்று ஏழைகள் அதிகம் வாழும் ஓர் ஊராட்சி காட்டியது. டெல்லியில் 2019-இல் இன்னொரு வழி திறக்கப்பட்டது. ஓரிடத்தில் வைக்கும் பேனலின் மின்சாரத்தைப் பல வீடுகளின் பில்லில் பங்கிட்டுக் கழிக்கும் முறை அது. சொந்தக் கூரை இல்லாதவரும் ஒரு பொதுக் கூரையில் பங்குதாரர் ஆகலாம். 'இறைவா உமக்கே புகழ்' திருமடலும் இத்தகைய கூட்டுறவு முயற்சிகளைப் பாராட்டிப் பேசுகிறது. நம் மாநிலத்திலும் எளிய மக்களுக்கு இந்த வழி பரவலாகத் திறக்கப்பட வேண்டும் என்று கேட்பது நம் கடமை. பங்குக் கூடங்களும் பள்ளிகளும் எவ்வளவு பெரிய கூரைகளை வைத்திருக்கின்றன! வழி திறக்கும்போது அந்தக் கூரைகள் மீண்டும் சாவடிகள் ஆகட்டும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய மாற்றங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்பியக் கூட்டங்களில் பேசி முடிவெடுக்க நான்கு காரியங்களை முன்வைக்கிறோம்.

1. முதலில் மீட்டர், பிறகு பேனல். குடித்தனங்கள் உண்மையிலேயே தனித்தனியாகப் பிரிந்திருந்தால் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். மின்சாரச் சட்டம் 2003, வீட்டின் உரிமையாளர் மட்டுமின்றி அதில் குடியிருப்பவரும் இணைப்புக் கேட்க இடம் தருகிறது. வைப்புத்தொகை, விதிமுறைகளை மின்வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். தனி இணைப்புக் கொடுத்தால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை. மின் இணைப்பு வீட்டின் உரிமைப் பத்திரம் ஆகாது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

2. மீட்டர்கள் பிரிந்தபின் உங்கள் தேவையைப் பாருங்கள். மேற்சொன்ன வீட்டில், வீட்டுக்காரரின் 500 யூனிட்டுக்கு 2 கிலோவாட் போதும். அதற்கு மானியம் 60,000 ரூபாய். 4 கிலோவாட்டுக்குக் கடன் வாங்க வேண்டியதே இல்லை.

3. தனி மீட்டர் உடனே கிடைக்காத இடத்தில், வாரியம் தனி மீட்டரில் என்ன வாங்கியிருக்குமோ அதையே குடித்தனக்காரரிடம் வாங்குங்கள். பேனல் வந்தபின் இதனால் உங்களுக்கு நட்டமில்லை. மின்சாரத்தில் இலாபம் பார்ப்பது சட்டப்படியும் நமக்கு உரியதல்ல. மின்சாரத்தை விநியோகிக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும்.

4. மூன்று நிறுவனங்களிடமாவது விலை கேளுங்கள். மானியத்தைக் கழித்த விலை, கழிக்காத விலை இரண்டையும் எழுதி வாங்குங்கள். பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் தனித்தனியாக எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று பாருங்கள். பேனல் 25 ஆண்டு உழைக்கும். இன்வெர்ட்டரை அதற்குள் ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். அன்பியத்தில் விவரம் தெரிந்த இளைஞர்கள் முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் இதில் உதவினால், அதுவும் இரக்கச் செயலே.

நிறைவாக

இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டுக்காரர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம்மைச் சந்தித்தார். நாம் போட்ட கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம். "நான் இப்படிப் பார்த்ததே இல்ல, ஃபாதர். எனக்கே நட்டம்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். தனி மீட்டருக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், அதுவரை 9 ரூபாயைக் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். எவ்வளவு குறைப்பது என்பதில் கணவன் மனைவிக்குள் இன்னும் முடிவாகவில்லையாம். பரவாயில்லை. அந்த வீட்டில் அந்தப் பேச்சு நடப்பதே அருள்தான்.

அன்று நாம் மாடியில் செபித்துவிட்டு வந்தோம், கீழ்வீட்டில் செபிக்கவில்லை. அடுத்த வாரம் அந்த மூன்று குடும்பங்களையும் சந்திக்கப் போகிறோம். "குறையுமா, ஃபாதர்?" என்று அந்தச் சகோதரி மீண்டும் கேட்டால், இம்முறை ஒரு பதிலோடு போவோம்.

உங்கள் வீட்டுக் கணக்கேட்டையும் இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். எல்லார்மேலும் கதிரவனை உதிக்கச் செய்யும் தந்தை, நம் கூரைகளுக்குக் கீழே வாழும் எல்லாருக்கும் அந்த ஒளி சென்று சேர நம்மைக் கருவியாக்குவாராக! ஆமென்.